குதிரைப்படை வாளும் அதன் நிலையறிதலும்

ஆங்கிலேயர் இந்நாட்டில் விட்டுச் சென்றவற்றுள் கட்டடங்களைப் பற்றியும் இரயில் பாதைகளைப் பற்றியும் நிறையவே எழுதியிருக்கிறார்கள். அவர்தம் குதிரைப்படை வீரனின் இடுப்பில் தொங்கிய வாளைப் பற்றித் தமிழில் நான் படித்தது மிகக் குறைவு. வாள் என்றவுடன் நமக்குச் சோழரும் பாண்டியரும் நினைவுக்கு வருவார்கள், அது இயல்புதான். ஆனால் தில்லி, மும்பை, கொல்கத்தா போன்ற ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில், தாத்தா காலத்துப் பெட்டியடியில் அல்லது வரவேற்பறைச் சுவரில், இப்படி ஒரு வெள்ளைக்கார வாள் இருப்பதை நானே கண்டிருக்கிறேன். அது எந்த வாள், எக்காலத்தது, என்ன நிலையில் இருக்கிறது என்று அறிய விரும்புவோருக்கு இக்கட்டுரை ஓரளவு பயன்படலாம்.

"சமணக் குடும்பத்தில் பிறந்துவிட்டு வாளைப் பத்தி எழுதறீங்களே?" என்று என் துணைவியாரே கேட்டார். கேள்வி நியாயமானது. அடியேன் வந்தவாசிப் பக்கத்து நயினார். நாற்பது ஆண்டுகளாகத் தில்லியில் பாத்திர வியாபாரம். பித்தளை, செம்பு, இரும்பு, எஃகு இவற்றோடுதான் என் பிழைப்பு. வெட்டுகிற வேலை முடிந்துபோன வாள் எனக்கு ஓர் உலோகப் பொருள். அதன்மேல் காலம் எழுதி வைத்திருப்பதைப் படிக்கலாம், அவ்வளவுதான். தரியாகஞ்சின் ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தை (2019-இல் இடம் மாற்றப்பட்டது) எனக்குப் பல்கலைக்கழகம். தேசிய அருங்காட்சியகத்தின் படைக்கலக் கூடம் ஆய்வுக்கூடம்.

பத்துக்கு நான்கு பழுது

1788-க்கு முன் பிரிட்டிஷ் குதிரைப்படைக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி வாள் என்று கிடையாது. ஒவ்வொரு ரெஜிமென்டின் கர்னலும் தமக்குத் தோன்றியபடி வாங்கிக் கொடுத்தார். தரமும் அப்படித்தான் இருந்தது. 1783-இல் இலண்டன் வாள் வணிகர்கள், உள்நாட்டு வாள் உருப்படாது, செர்மனியிலிருந்து சுங்கமின்றி இறக்குமதி செய்ய அனுமதி வேண்டும் என்று அரசைக் கேட்டார்கள். பர்மிங்காமைச் சேர்ந்த தாமஸ் கில் என்பவர் இதை எதிர்த்து, என் வாளையும் செர்மனி வாளையும் சேர்த்துச் சோதித்துப் பாருங்கள் என்று நின்றார். 1786-இல் அச்சோதனையை நடத்தியது யார் தெரியுமா? நம் கிழக்கிந்தியக் கம்பெனிதான்! கில் கொடுத்த 2,650 வாள்களில் தள்ளுபடியானவை 4. செர்மனி வாள்கள் 1,400-இல் 28. மற்ற ஆங்கிலேயத் தொழிலாளர் கொடுத்த 2,700-இல் தள்ளுபடியானவை 1,084. அதாவது பத்துக்கு நான்கு பழுது. என் கடைக்கு வரும் சரக்கில் பத்துக்கு நாலு பழுதென்றால் லாரியை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன். இதை நம்பித்தான் ஒரு வீரன் குதிரையேறிப் போக வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அடுத்து வந்தவர் ஜான் கஸ்பார்டு லெ மார்ஷான் என்னும் படை அதிகாரி. 1793-இல் தொடங்கிய பிளாண்டர்ஸ் போரில், வீரர்கள் எதிரியை வெட்டுவதைவிடத் தம் குதிரையின் காதையும் தம் காலையும் வெட்டிக்கொண்டதே அதிகம் என்பதைக் கண்ணால் கண்டவர். துருக்கியர், மம்லூக்குகள், அங்கேரியர் ஆகியோரின் வளைந்த வாளே சிறந்தது என்பது அவர் முடிவு. பர்மிங்காம் ஹென்றி ஆஸ்பார்னோடு சேர்ந்து அவர் உருவாக்கியதே 1796-ஆம் ஆண்டு மாதிரி இலகு குதிரைப்படை வாள். ஏறத்தாழ 33 அங்குல அலகு. ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடை. நுனிக்கு அருகே அகன்று கொடுவாள் போலத் தோன்றும். கைக்காப்பு குதிரையின் அங்கவடி போல ஒற்றை வளைவு. பிரஷ்யர் இதைப் பார்த்து அப்படியே தம் படைக்கும் செய்துகொண்டார்கள். லெ மார்ஷான் 1812 ஜூலை 22 அன்று சலமாங்காப் போரில் இறந்தார்.

அதே 1796-இல் கனரகக் குதிரைப்படைக்கு ஆஸ்திரியரைப் பார்த்து நேரான வாள் ஒன்று வந்தது. 35 அங்குலம், நுனி கோடாலி போல ஒருபக்கச் சரிவு. இதனால் குத்த முடியாது. ஆகவே 1815-இல் வாட்டர்லூப் போருக்குச் சற்று முன்னர் நுனியை ஈட்டிமுனையாகச் சாணை பிடிக்க உத்தரவாயிற்று. சாணை பிடித்த நுனி என்பது இங்கே பழுதல்ல, சான்று.

அதற்குப் பிறகு வந்த மாதிரிகளை விரித்தால் இம்மலர் போதாது. 1821, 1853, 1864, 1882, 1885, 1890, 1899 என்று மாற்றிக்கொண்டே இருந்தார்கள். வெட்டுவதா, குத்துவதா என்ற பட்டிமன்றம் நூறாண்டு நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1908-இல் குத்துவதே என்று தீர்ப்பாயிற்று. அந்த ஆண்டு மாதிரியின் அலகு நேரானது, ஒடுங்கியது, ஏறத்தாழ 35 அங்குலம். கையை முழுதும் மூடும் எஃகுக் கிண்ணம். இந்திய வீரர்களுக்காகக் கைப்பிடியைச் சற்றுச் சிறிதாக்கியும் செய்தார்கள். வாள் செய்து முடித்துச் செம்மைப்படுத்தியபோது உலகம் இயந்திரத் துப்பாக்கிக்கு வந்துவிட்டது என்பது வேறு கதை. இருந்தாலும் 1918 செப்டம்பர் 23 அன்று ஹைஃபா நகரை மைசூர், ஜோத்பூர் குதிரைப்படைகள் ஈட்டியோடும் வாளோடும் பாய்ந்து பிடித்தன. நம் தில்லியின் தீன்மூர்த்திச் சிலைகள் மைசூர், ஜோத்பூர், ஐதராபாத் சமஸ்தானப் படைகளின் நினைவாக 1922-இல் வைக்கப்பட்டவை. தினமும் பேருந்தில் அவ்வழியே போகும் நம்மவர் பலர் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

மரவுறையின் இரகசியம்

இனி நான் பெரிதும் வியந்த செய்தி. லூயி நோலன் என்ற குதிரைப்படைத் தளபதி 1854 அக்டோபர் 25 அன்று பாலக்ளாவாவில் இலகு படையணிக்கு அந்தப் புகழ்பெற்ற கட்டளையைக் கொண்டுபோய்க் கொடுத்து, முதலில் மாண்டவர்களுள் ஒருவர். இவர் அதற்கு முன் நம் சென்னை மாகாணப் படையோடு தொடர்புடையவர். 15-ஆவது ஹுஸார் படையில் இருந்தவர், சென்னை ஆளுநருக்கு மெய்க்காவல் அதிகாரியாகப் பணியாற்றியவர். 1853-இல் குதிரைப்படை பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஐதராபாத் நிஜாமின் ஒழுங்குசாராக் குதிரைப்படையைப் பற்றிச் சொல்கிறார். ஒரு சண்டையில் அவர்கள் வாளால் விழுந்த வெட்டுகளைக் கேள்விப்பட்டுத் திகைத்துப் போனாராம். கையும் தலையும் ஒரே வீச்சில் போயிருந்தன. அப்படி என்ன உலோகம், எந்த ஊர் உருக்கு என்று விசாரித்தால், அவை ஆங்கிலேயப் படை பழசு என்று கழித்துக் கட்டிய வாள்கள்! அதே அலகை வாங்கி, இந்தியக் கைப்பிடி போட்டு, சவரக்கத்தி போலத் தீட்டி, மரவுறையில் வைத்திருந்தார்கள். சண்டையில் தவிர வெளியே எடுப்பதே இல்லை.

ஆங்கிலேய வீரனின் வாளுக்கோ இரும்பு உறை. அணிவகுப்புக்கு ஒருமுறை உருவு, ஒருமுறை செருகு. ஒவ்வொரு முறையும் உறையின் வாயில் உரசி விளிம்பு மழுங்கும். குதிரை ஓடும்போது உள்ளே கிடந்து லொடலொடவென்று ஆடும். ஒரே அலகு, ஒருவன் கையில் கழி, இன்னொருவன் கையில் கூற்றுவன். நம்மூர் வீட்டில் அரிவாள்மணையைப் பலகையோடு மடக்கி வைப்பார்களே தவிர, இரும்புப் பெட்டியில் போட்டு ஆட்டுவார்களா? இவ்வளவு எளிய காரியத்தை ஒரு பேரரசு ஐம்பது ஆண்டுகளாகக் கவனிக்கவில்லை. நோலன் எடுத்துச் சொன்ன பிறகும் இரும்பு உறை போய்விடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் பார்ப்பது

பழைய வாள் ஒன்றை நம் கையில் கொடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது பளபளப்பை அல்ல. பளபளப்பு என்றால் நான் சந்தேகப்படுவேன்.

முதலில் தடிமன். உண்மையான அலகு கைப்பிடியருகே முதுகில் தடித்து (1796 வாளில் எட்டு மில்லிமீட்டர் அளவு கூட இருக்கும்) நுனி போகப் போக மெலிந்து இரண்டு மூன்று மில்லிமீட்டராகும். அலங்காரத்துக்காகத் தகட்டில் வெட்டியெடுத்த வாள் அடி முதல் நுனி வரை ஒரே தடிமனாக இருக்கும். கையில் பிடித்தால் நுனி கனக்கும். டேராடூனில் வாள் செய்யும் தொழில் நெடுநாளாக நடக்கிறது. அவர்கள் நகலை நகலென்றே விற்கிறார்கள், அதில் தவறில்லை. அது மூன்று கை மாறியபின் "வாட்டர்லூ வாள் சார், மியூசியம் பீஸ்" என்று ஆவதுதான் வம்பு.

அலகின் நடுவே ஓடும் நீளப் பள்ளத்தை இரத்தம் வழிய வைத்தது என்று சொல்லாத கடைக்காரர் இல்லை. எடையைக் குறைத்து விறைப்பைக் காக்கவே அப்பள்ளம். இரும்பு உத்தரத்தின் குறுக்குவெட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அடுத்துத் துரு. பாத்திரக்காரனாகச் சொல்கிறேன், துருவில் சாதி உண்டு. செந்துரு பொடிப்பொடியாக உதிரும். அது இப்போதும் தின்றுகொண்டிருக்கிறது, உடனே நிறுத்த வேண்டும். கருமை படர்ந்து கெட்டியாக ஒட்டியிருப்பது பழையது, அடங்கிப்போனது. அதை விட்டுவிட வேண்டும். குழி விழுந்த துரு எவ்வளவு ஆழம் என்பதை நகத்தால் தடவிப் பார்க்கலாம். குழி எல்லா இடத்திலும் ஒரே அளவாக, ஒரே நிறமாக இருந்தால் அது அமிலம் ஊற்றிச் செய்த கிழத்தனம். இயற்கையான துரு அப்படி வராது. கை பட்ட இடம் ஒருமாதிரி, உறையின் வாயருகே ஈரம் தங்கிய இடம் ஒருமாதிரி என்று திட்டுத்திட்டாகத்தான் வரும்.

விளிம்பில் சிறு வெட்டுக்காயங்கள் இருந்தால் உடனே போர்த்தழும்பு என்று முடிவு கட்டிவிடக்கூடாது. வீட்டுப் பிள்ளைகள் இரண்டு வாளை வைத்து விளையாடினாலும் அப்படித்தான் ஆகும். அலகின் கீழ் மூன்றில் ஒரு பங்கில், அதாவது தடுக்கும் இடத்தில், பழைய கருமை ஏறிய வெட்டு இருந்தால் யோசிக்கலாம். உள்ளே வெள்ளையாக மின்னினால் அது நேற்று விழுந்தது.

பிறகு கைப்பிடி. அலகின் வால் கைப்பிடிக்குள் சென்று குமிழின் உச்சியில் அடித்து மடக்கப்பட்டிருக்கும். அந்த மடிப்பு கலைந்து மீண்டும் அடித்த அடையாளம் இருக்கிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். கலைந்திருந்தால் அலகு ஒன்று, பிடி வேறொன்று. 1853 மாதிரியில் இந்த மடிப்பு முறையே கிடையாது. அலகின் வால் பிடியின் அகலத்துக்கே வந்து, இருபுறமும் தோல் பலகை வைத்து ஆணி அறைந்திருக்கும். நம் சமையல் கத்தியைப் போல. அதிகாரிகளின் வாள் என்றால் பிடியில் மீன்தோல் போர்த்துக் கம்பி சுற்றியிருக்கும். கம்பி போனது பெரிய குறையல்ல; புதுக்கம்பி பளிச்சென்று சுற்றியிருந்தால்தான் குறை.

கடைசியாக முத்திரைகள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கிரீடமும் எண்ணும் இருந்தால் ஆய்வாளர் தேர்ச்சி கொடுத்தது. அகன்ற அம்புக்குறி அரசுடைமை. இரண்டு அம்புகள் நுனியோடு நுனி மோதியபடி இருந்தால் படையிலிருந்து கழித்து விற்றது. 'ஐ.எஸ்.டி.' என்ற மூன்றெழுத்து இந்தியப் பண்டகத் துறைக்காகச் செய்தது. கம்பெனி ஆட்சி முடிந்த பின்வந்த குறி. கைக்காப்பில் ரெஜிமென்டின் பெயர்ச்சுருக்கமும் வாளின் வரிசை எண்ணும் குத்தியிருக்கும். அதிகாரிகளின் வில்கின்சன் வாளில் அலகின் முதுகில் எண் இருக்கும். அந்நிறுவனம் வைத்திருந்த பதிவேட்டிலிருந்து வாங்கியவர் பெயரைக்கூடப் பல சமயம் கண்டுபிடிக்க முடிகிறது. (வில்கின்சன் 2005-இல் வாள் தொழிலை நிறுத்திவிட்டது.) சாதாரணச் சிப்பாய்க்குக் கல்வெட்டு கிடையாது, செப்பேடு கிடையாது. அவன் பிடித்த வாளில் குத்திய எண் ஒன்றுதான் அவனுக்கு மிச்சம். அதைச் சாணைச் சக்கரத்தில் தேய்த்து அழித்துவிட்டு, "பாருங்க, கண்ணாடி மாதிரி ஆக்கிட்டேன்" என்று கொண்டுவந்து காட்டும்போது வயிறு எரிகிறது.

ஆர்க்காட்டு வாள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தார் என்னை அழைத்தார்கள். பூர்விகம் ஆர்க்காடு, மூன்று தலைமுறையாகத் தில்லி. (ஆர்க்காட்டிலும் ஒரு தில்லி வாசல் உண்டு, பழைய கோட்டையில் எஞ்சியது அதுவே. அந்த வாசலைப் பார்த்துத்தான் எங்க தாத்தா இங்க கிளம்பினார் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.) அவர்கள் வீட்டில் ஒரு வளைந்த வாள். 1806 வேலூர்ப் புரட்சியில் கைப்பற்றியது என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். தமிழ் அமைப்பு ஒன்றின் கண்காட்சியில் அதை வைக்க ஏற்பாடாகி, "வேலூர் 1806" என்று பித்தளைப் பலகை செய்யச் சொல்லியும் ஆயிற்று. பலகைக்கு அளவு கேட்டுத்தான் என்னிடம் வந்தார்கள்.

கதைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. 1806 ஜூலை 10 விடியலில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது, ஆர்க்காட்டிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் குதிரையில் விரைந்து வந்து அதை அடக்கியவர் கில்லஸ்பி; உடன் வந்தது 19-ஆவது இலகு டிராகூன் படை. அப்படைக்கு உரிய அக்கால மாதிரி 1796 வாள்தான். அவ்வீட்டு வாளும் பார்வைக்கு அதே வளைவு, அதே அங்கவடிக் காப்பு. கிழவர் ஒருவர் கட்டிலில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அலகின் முதுகைத் துணியால் துடைத்தேன். கருமைக்கு அடியில் பர்மிங்காம் மோல் நிறுவனத்தின் பெயர் தெரிந்தது. அப்பெயரில் 1806-இல் நிறுவனமே கிடையாது. கைப்பிடியருகே ஐ.எஸ்.டி. இது 1858-க்குப் பிறகு, இந்தியக் குதிரைப்படைக்கென்று செய்த வாள். ஐயத்துக்கு இடமில்லை.

"அப்ப டூப்ளிகேட்டா சார்?" என்று மகன் கேட்டார். இல்லவே இல்லை. இங்கேதான் நோலன் சொன்னது நினைவுக்கு வர வேண்டும். இங்கிலாந்து 1796 மாதிரியைக் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் கழிந்தும், இந்தியக் குதிரை வீரர்கள் அந்தப் பழைய வெட்டும் அலகையே கேட்டார்கள். அவர்களுக்காகப் பர்மிங்காமில் அதே மாதிரியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் செய்து கப்பலேற்றினார்கள். ஆண்டவனும் ஆளப்பட்டவனும் ஒரே பொருளைப் பற்றிக் கருத்து வேறுபட்டு, ஆளப்பட்டவன் விருப்பம் நின்றதற்கு இவ்வாள் சாட்சி. வேலூரில் கைப்பற்றியதாக இருந்தால் அது டிராகூன் படையின் வாள். இதுவோ நம்மவன் ஒருவன் பிடித்த வாள். அவர்கள் குடும்பத்தில் குதிரைப்படையில் பணியாற்றியவர் இருந்தாரா என்று கேட்டேன். கிழவர் முதன்முறையாக வாய் திறந்தார். அவருடைய தாத்தாவின் அண்ணன் சவாராக இருந்தார் என்றும், அவர் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை என்றும் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அந்த வாள் அவருடையதுதான் என்று நான் சொல்லமாட்டேன். கைக்காப்பில் படைப்பெயர் இருந்த இடத்தில் யாரோ அரத்தால் ராவியிருக்கிறார்கள். எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் மட்டுமே மிஞ்சியது. பலகையில் "பர்மிங்காமில் செய்யப்பட்ட இந்தியக் குதிரைப்படை வாள், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி" என்று வெட்டச் செய்தோம். கண்காட்சிக்காரர்களுக்குச் சற்று ஏமாற்றம். வேலூர் என்றால் கூட்டம் வந்திருக்குமாம்.

வைத்திருப்போர் கவனிக்க

குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்க்கலாம். வாளுக்குக் கூடவே கூடாது. புளியின் காடி இரும்பைத் தின்னும். செங்கல்பொடி, சாம்பல், உப்புத்தாள் எல்லாமே முத்திரையை அழிக்கும். ஆயுதபூசைக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பவர்கள் அன்று மாலையே துடைத்துவிடுங்கள். ஈரச் சந்தனம் இருந்த இடத்தில் வட்டமாகத் துரு பிடித்த வாளை நான் பார்த்திருக்கிறேன். தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு, மெல்லிய பருத்தித் துணி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அவ்வளவு போதும். அலகை வெறுங்கையால் தொடாதீர்கள், வியர்வை உப்பு மறுநாளே ரேகையாகத் துருப்பிடிக்கும். தோலுறை என்றால் வாளை அதற்குள் போட்டு மூடி வைக்கவே வேண்டாம்; தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பித்தளைப் பகுதியில் பச்சைக் களிம்பு இருந்தால் மூங்கில் குச்சியால் மெல்லச் சுரண்டலாம். 1908 வாளின் கிண்ணத்தில் பழைய காக்கி அல்லது பச்சை வண்ணம் ஒட்டியிருந்தால் அதைச் சுரண்டாதீர்கள். போர்க்காலத்தில் வெயிலில் மின்னாதிருக்கப் பூசியது அது.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறாண்டு கடந்த பொருள் தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. தொல்பொருள் வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் இருக்கிறது. வீட்டில் வைத்திருப்போர் தம் பகுதி விதியை அதிகாரிகளிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

ஆர்க்காட்டுக் குடும்பத்தில் பேரன் அமெரிக்காவில் இருக்கிறான். வாளைத் தன் வீட்டுச் சுவரில் மாட்ட ஆசைப்பட்டான். முடியாது என்று எடுத்துச் சொன்னேன். அலகின் நீளம், அகலம், ஐந்து இடங்களில் முதுகின் தடிமன், எடை, பென்சிலால் தாளில் தேய்த்தெடுத்த முத்திரைகள், எஞ்சிய இரண்டு இலக்கம், இவற்றோடு படங்களும் சேர்த்து அவனுக்கு அனுப்பி வைத்தோம். வாள் கிழவரின் அலமாரியில், உறை தனியாக, அலகு தனியாகத் துணி சுற்றி இருக்கிறது.